செம்மண்ணில் கிடந்த பெயர்கள்



தொப்பம்பட்டியைச் சுற்றியுள்ள கரடுகளில் டைனோசர் எலும்பைத் தேடிப் பயனில்லை. எலும்புடைய உயிர்கள் தோன்றுமுன்பே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் அவை. எலும்பைக் காத்து வைப்பது ஆற்று வண்டலே. அரியலூர்ப் பக்கம் அத்தகைய படிவுகள் உண்டு. ஆயினும் அவை அவ்விலங்குகளின் அந்திக் காலத்தவை. விடியலைக் காண விழைவோர் பிராணகிதையும் கோதாவரியும் பாயும் தெலங்கானாவின் செம்மண் வெளிக்குச் செல்ல வேண்டும்.

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தார் அங்கே அகழ்ந்தனர். புள்ளிவிவரம் கணக்கிடுவோருக்கு எலும்பு எதற்கு என்று வியப்போர் இருக்கலாம். மகலனோபிஸ் வகுத்த நிறுவனம் அத்தகையது. 1961இல், தாகூர் நூற்றாண்டின்போது, ஒரு பேருடல் விலங்கின் எலும்புகள் வெளிப்பட்டன. தொடை எலும்பு மட்டும் ஏறக்குறைய ஐந்தரை அடி. 1975இல் அதற்கு ‘பாராபாசாரஸ் தாகூரி’ என்று பெயரிட்டனர். வங்கமொழியில் ‘பெரிய கால்’ என்பது முதற்சொல். பின்னது கவியின் பெயர். கவிஞருக்குச் சிலை வைத்த ஊர்கள் பல. டைனோசர் வைத்தவர்கள் இவர்கள்தாம்.

அது ஜுராசிக் காலத்தது. அதற்கும் கீழே, ஏறக்குறைய 23 கோடி ஆண்டுக்கு முந்தைய மலேரிப் படிவில், சங்கர் சாட்டர்ஜி ஒரு சிறு விலங்கைக் கண்டு 1987இல் விவரித்தார். ஆலிக் வாக்கர் என்னும் அறிஞரின் நினைவாக ‘வாக்கேரியா’ என்றார். அப்பெயர் முன்னரே ஒரு சிறு கடலுயிருக்குச் சூட்டப்பட்டிருந்தமையால், 1994இல் ‘ஆல்வாக்கேரியா’ ஆயிற்று. இந்தியாவின் மிகப் பழைய டைனோசர் எனப் பாராட்டப்பட்டது.

ஆனால் 2005இல் ரெமெஸ், ரவுஹுட் ஆகிய இருவர் அவ்வெலும்புகளை மீண்டும் ஆராய்ந்தனர். தொடையும் கணுக்கால் எலும்பும் டைனோசருடையவை. முகப்பகுதி முதலை வழியினதாகத் தோன்றுகிறது. முதுகெலும்புகள் பிறவற்றினுடையவை என்றனர். ஏடு பெயர்த்தோர் ஒரு கட்டில் பல நூல்களின் ஓலைகளைக் கோத்துவிட்ட கதைதான். இடைச்செருகலைப் பிரித்தெடுத்தால் பழம்பெருமை குறையும் என்று அஞ்சுவோர் இலக்கியத்திலும் உளர். குறைவதில்லை, எஞ்சிய தொடையெலும்பு இன்னும் டைனோசருடையதே.

இதற்கு மாறான கதையும் அதே பள்ளத்தாக்கில் உண்டு. எர்ரபள்ளிப் படிவின் எலும்புகளுக்கு 2005இல் ‘யாராசூக்கஸ்’, அதாவது சிவப்பு முதலை, என்று பெயரிடப்பட்டது. தான்சானியாவில் 1933இல் எடுக்கப்பட்டு, 1956இல் ஆலன் சாரிக் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ‘டெலியோகிரேட்டர்’ என்றழைத்த விலங்கு 2017இல்தான் முறைப்படி வெளியிடப்பட்டது. சாரிக் 1997இலேயே மறைந்துவிட்டார். நீண்ட கழுத்து, நான்கு கால் நடை, முதலையினதைப் போன்ற கணுக்கால். ஆயினும் அது பறவையையும் டைனோசரையும் ஈன்ற கிளையைச் சேர்ந்தது. இந்தியாவின் சிவப்பு முதலையும் அதன் நெருங்கிய உறவு என அப்போது தெளிந்தது. டைனோசரின் மூதுறவுகள் இரு காலில் ஓடிய சிற்றுயிர்கள் என்று கற்பனை செய்திருந்த நூல்களெல்லாம் திருத்தம் வேண்டி நின்றன. பெயரிடும் விதியின்படி முதலல்லாத அது இன்றும் முதலை என்றே அழைக்கப்படுகிறது.

2025இல் மலேரியின் மேற்படிவிலிருந்து ‘மலேரிராப்டர் குட்டியை’ அறிமுகமாயிற்று. ஏறத்தாழ 22 கோடி ஆண்டுப் பழமையது, ஊனுண்ணி. அதன் குலத்துக்குப் பெயர் தந்த ஹெர்ரேராசாரஸை, அர்ஜென்டினாவில் 1959இல் முதலில் கண்டவர் விக்டோரினோ ஹெர்ரேரா என்னும் ஆடு மேய்ப்பவர். தென் அமெரிக்காவில் வாழ்ந்த அக்குலம் இந்தியாவிலும் வாழ்ந்ததை இவ்வெலும்புகள் உறுதிப்படுத்தின. இரு நிலங்களும் அந்நாளில் ஒரே பெருங்கண்டம். இடையில் கடல் இல்லை. ‘குட்டியை’ என்பது அந்நிலத்திலேயே நெடுங்காலம் உழைத்த டி. எஸ். குட்டியின் பெயர்.