கணக்கு வராதென்பது மெய்யா?
(நம் சங்கத்தின் சிதம்பரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய நாம் கணிதம் பற்றிப் பேச எழுந்தமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். சென்ற திங்கள் கடலூரில் நம் இல்லத்திற்கு ஓர் அன்பர் தம் மகளோடு வந்தார். மேலாண்மைக் கல்விக்குரிய ‘கேட்’ என்னும் பொதுச் சேர்க்கைத் தேர்வை எழுதியவள் அப்பெண். மொழிப்பகுதியில் நன்மதிப்பெண், கணிதத்தில் மிகக் குறைவு. “இவளுக்குக் கணக்கு வராது, ஐயா, வரன் பார்க்கலாமென்றிருக்கிறோம்” என்றார் தந்தையார். அவள் தலைகுனிந்து நின்றாள்.

பல்லாண்டுகட்கு முன் நம் மாணவன் ஒருவனிடம், “தமிழ் வருகிறதே, கணக்கு எதற்கு?” என்று நாமே கூறியதுண்டு. அச்சொல்லை நம்பி அவன் கணக்கைக் கைவிட்டான். அப்பிழையை ஒப்புக்கொண்டே மேற்செல்கின்றோம்.

‘கணக்கு வராது’ என்பது எதனையும் விளக்கும் சொல்லன்று. எக்கணக்கு, எதனால் வரவில்லையென்று ஆராய்தல் வேண்டும். அப்பெண்ணின் விடைப்பதிவை வருவித்து, நம் பள்ளிக் கணித ஆசிரியர் துணையோடு பிழைகளை மூவகையாகப் பிரித்தோம்: வழி தெரியாதவை, வழி தெரிந்தும் கூட்டல் பெருக்கலில் வழுவியவை, கடினவினாவில் காலங்கழித்தமையால் எளியவினாவைத் தொடாது விட்டவை. முதல்வகை சிலவே, ஏனைய இரண்டுமே மிகுதி. இவை பயிற்சியால் தீர்வன.

2024ஆம் ஆண்டுத் தேர்வில் கணிதப்பகுதிக்கு 22 வினாக்கள், 40 நிமிடங்கள். வினாவொன்றுக்கு இரண்டு நிமிடமும் இல்லை. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தெரிவுவினாவில் தவறினால் 1 குறையும். 14 தெரிவுவினாக்களைத் தொட்டு 7 சரியும் 7 தவறுமாயின் கிடைப்பது 14. ஒன்பதை மட்டும் தொட்டு 8 சரி, 1 தவறாயின் 23. எதனை விடுவதென்று அறிதலும் தேர்ச்சியின் ஒரு கூறேயாம்.

விழுக்காடு, விகிதம், வட்டி, இயற்கணிதம், வடிவகணிதம் என இத்தேர்வின் அடிப்படையெல்லாம் பெரும்பாலும் பள்ளிப்பாடமே. ஆதலின் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள நூல்களை மீண்டும் எடுத்தலில் நாணம் வேண்டா. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதினர். மா இருபதிலொன்று, அரைக்கால் எட்டிலொன்று, மாகாணி பதினாறிலொன்று என்பன அவர் நாவில் நின்றன. இன்றைய விழுக்காட்டில் அவை முறையே 5, 12.5, 6.25. இவ்வாய்பாடு மனத்திலிருப்பின் தேர்வறையில் நேரம் மிஞ்சும்.

விரைவோடு நிதானமும் வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகமென்ன? 45 என்று நாவெழும், விடை 40. மெதுவாக வரும்போது செல்லும் நேரம் இருமடங்காதலின் அவ்வேகமே சராசரியை மிகுதியும் இழுக்கும். காரணமறிந்தவன் இத்தகைய வினாவில் மறுமுறை ஏமாறான்.

வாரமொரு மாதிரித்தேர்வு எழுதுக. எழுதிய நேரத்தினும் மிகுந்த நேரம் பிழைகளை ஆராய்வதிற் செல்லட்டும். பிழையையும் அதன் காரணத்தையும் தனிக் குறிப்பேட்டில் எழுதுக. திங்கள்தோறும் அவ்வேட்டைப் பார்த்தால் எவ்வகைப் பிழை குறைந்தது, எது நிற்கின்றதென்பது விளங்கும்.

பெற்றோர்களே! பிறர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர். காலையில் ஒருமணி நேரம் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்துவது பெருங்கொடையாகும். கணிதம் பயின்ற நம் இளைஞர் கடலூரிலும் சிதம்பரத்திலும் வாரம் ஒரு மாலைப்பொழுதைத் தம்பி தங்கையர்க்கு ஈவாராயின், சங்கம் இடமளிக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக் கொள்கின்றோம்.

அத்தந்தையார் ஓராண்டு பொறுக்க இசைந்தார். அப்பெண் மீண்டும் எழுதுகின்றாள். முடிவை இன்று எவரும் அறியார். ஆயினும் சென்ற வாரம் குறிப்பேட்டோடு வந்தவள், “வாய்பாட்டுப் பிழை பாதியாகிவிட்டது, ஐயா” என்று நிமிர்ந்து கூறினாள். நமக்கு அது போதும்.