அம்மா தலை ஒரு தலை இல்லையா?

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வர்றேன். 'சிரிப்புப் படத்தால் பொழுதுதான் போகுமா, புத்தியும் வருமா?' என்பது இன்றைய தலைப்பு. புத்தியும் வரும்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னால் பேசின அண்ணன், "ராஜா ராணி காதல் படம், அதுவும் இரண்டாம் பாகம். அதுல என்னங்க இருக்கப்போகுது?" என்று கேட்டார். நம்ம ஊரில் 2006ல் வடிவேலு நடிச்ச 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிச்சோம். அதன் அடுத்த பாகம், 24ம் புலிகேசி, எடுக்க ஆரம்பிச்சு பாதியிலேயே நின்னு போச்சு. அதனால நான் வேற நாட்டு ராணி கிட்ட போயிட்டேன். (சிரிப்பு)

'தி பிரின்சஸ் டைரீஸ்' என்று 2001ல் ஒரு இங்கிலீஷ் படம். அதன் இரண்டாம் பாகம் 2004 ஆகஸ்டில் வந்தது. ஜெனோவியா என்கிற கற்பனை நாடு. மியா என்கிற பொண்ணுக்கு 21 வயசு. பாட்டி கையிலிருந்து ராஜ்ஜியத்தை வாங்கிக்க வந்திருக்கா. அப்போ ஒருத்தர் எழுந்து ஒரு பழைய சட்டத்தை நீட்டுறார். கல்யாணம் ஆகாத பொண்ணு ராணி ஆக முடியாதாம்! 30 நாள் கெடு. அதுக்குள்ள மாப்பிள்ளை தேடணும். தேடலைன்னா, சட்டத்தை நீட்டினவரோட மருமகனுக்குப் பட்டம். கடைசியில அந்த மருமகனுக்கும் இவளுக்குமே காதல். அப்புறம் கேக்கணுமா? ஒரே கலாட்டாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுல தெருவே உட்கார்ந்து இதைப் பார்த்தது. இங்கிலீஷ் படம். நான் சொல்லச் சொல்ல அவங்க பார்த்தாங்க. பக்கத்து வீட்டு அத்தை, "முத பாகம் மாதிரி இல்லடி, கதை மெதுவா போகுது" என்றாங்க. என் தம்பி, "கடைசியில அந்தப் பையனைத்தான் கட்டிக்கப்போறான்னு முதல்லயே தெரிஞ்சுடுச்சு" என்றான். எங்க ஆயாவுக்கு மட்டும் அந்தப் பாட்டி ராணியை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நடிச்சது ஜூலி ஆண்ட்ரூஸ். 1997ல் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பாட்டுக் குரலே போனவங்க. இந்தப் படத்துல தைரியமா கொஞ்சம் பாடியிருக்காங்க. அந்தப் பாட்டி ராணிக்கும் முடிவுல கல்யாணம் நடக்குது. எங்க ஆயா, "அட, இந்த வயசுல! நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்று டி.வி. பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எல்லாரும் சிரிச்சாங்க ஐயா. எங்க அம்மா மட்டும் சிரிக்கலை.

ஏன்னு சொல்றேன். எங்க ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடணும் என்று முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. நல்ல இடம் ஒருத்தருக்கே போயிடக்கூடாது. ஏரியில் அடிதடி வரக்கூடாது. அருமையான முறை. அதை நான் குறை சொல்ல வரலை. ஆனா அந்தப் பங்கு யாருக்கு? தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் யார்? கல்யாணம் ஆன ஆம்பிளை. ஊர் வரியும் அந்தக் கணக்கில்தான், உரிமையும் அந்தக் கணக்கில்தான்.

எங்க அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. எங்க ஊர் வழக்கப்படி அன்னையோட எங்க வீட்டுத் தலைக்கட்டுக் கணக்கு முடிஞ்சு போச்சு. அம்மா விடியற்காலை எழுந்து, ஏலத்தில் இறால் எடுத்து, கூடை சுமந்து விற்கிறாங்க. அந்தக் கூடைதான் என்னை பி.காம். படிக்க வச்சது. ஆனா கணக்கில் அவங்க ஒரு தலை இல்லை. ஊர்க்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா? "பையனுக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணும்மா, பாடு திரும்பி வந்துடும்!" என் தம்பிக்கு வயசு 19. ஆண்பிள்ளைக்குச் சட்டப்படி 21 ஆகணும். அவன் ஐ.டி.ஐ. படிக்கிறான். மியாவுக்காவது 30 நாள் கெடு. இவனுக்கு நாளைக்கே மேளம் கொட்டணுமாம்! (சிரிப்பு)

நடுவர்: ஏம்மா, தம்பி என்ன சொல்றான்?

"அக்கா, படத்துல அந்தப் பொண்ணு தப்பிச்சா, நான் மாட்டிக்கிட்டேன்" என்கிறான் ஐயா. (அரங்கமே சிரிக்கிறது)

சிரிப்புதான். ஆனா இதே கணக்கு ஒருநாள் அழவும் வச்சது. அந்தப் படம் வந்த அதே 2004ல், டிசம்பர் 26ந் தேதி சுனாமி. அப்போ பல கடலோர ஊர்களில் நிவாரணத்தைத் தலைக்கட்டுக் கணக்கில் பிரிச்சாங்க. புருஷனை இழந்தவங்க, தனியா வாழ்ந்தவங்க எத்தனையோ பேர் விட்டுப்போனாங்க. அலை ஆம்பிளை வீடு, பொம்பிளை வீடு என்று பார்த்தா வந்தது? (கைதட்டல்)

வழக்கம்னா மாறவே மாறாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1989லேயே, பூர்வீகச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. அப்பவும், அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவளுக்குப் பங்கு இல்லை! 2005ல் மத்திய சட்டம் வந்த பிறகுதான் அந்த வேலியும் போச்சு. பிரிட்டனில், தம்பி இருந்தாலும் மூத்த பிள்ளை பொண்ணா இருந்தா அவளுக்கே பட்டம் என்று 2013ல் சட்டம் போட்டாங்க. அரண்மனையே மாறுது. குப்பம் மாறாதா?

படத்தின் முடிவுக்கு வர்றேன். கல்யாண மேடையில் மியா நின்னுடறா. மாப்பிள்ளை நல்லவன்தான், சண்டையும் இல்லை. நாடாளுமன்றத்தார் பக்கம் திரும்பி, "உங்க மகளையோ தங்கச்சியையோ இப்படி வற்புறுத்துவீங்களா?" என்கிற மாதிரி கேக்கறா. அவ கிரீடத்தை வேண்டாம்னு சொல்லலை, நாட்டைக் கலைக்கச் சொல்லலை. ஒரே ஒரு வரியை எடுக்கச் சொல்றா. எடுத்துடறாங்க.

அந்தக் கட்டத்தில்தான் எங்க அம்மா வாயைத் திறந்தாங்க. "அந்த ஊர்ல பொண்ணை எழுந்து நின்னு கேக்கவாவது விட்டாங்களே" என்றாங்க. (அமைதி) எங்க ஊர்க் கூட்டத்தில் பொம்பிளைங்க உட்காரும் வழக்கம் இல்லை ஐயா. அதனாலதான் கேக்கவேண்டியதை இங்க வந்து கேக்கறேன்.

எங்க ஊர்ப் பெரியவங்களே, நீங்க எங்களைத் தூக்கி வளர்த்தவங்க. பாடு முறையை மாத்த வேண்டாம். தலைக்கட்டு எண்ணும்போது புருஷன் இல்லாத வீட்டு அம்மாவையும் ஒரு தலையா எண்ணுங்க. அவங்க சார்பில் மகன் வலை போடட்டும், இல்லை கூலிக்கு ஆள் போடட்டும். வரியை நாங்க கட்டறோம். என் தம்பி படிப்பை முடிச்சு, பிடிச்ச பொண்ணை, நல்ல நாள் பார்த்துக் கட்டிக்கட்டும்.

அந்தப் படத்துக்கு மூணாவது பாகமும் எடுக்கப்போறதா 2024ல் அறிவிச்சாங்க. அது வர்றதுக்குள்ள எங்க அம்மா பேர் எங்க ஊர்க் கணக்கில் வந்துடணும்.

அதோ, மூணாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க ஐயா, அவங்கதான் எங்க அம்மா.

(நீண்ட கைதட்டல். நடுவர் எழுந்து நின்று அந்தத் தாயை வணங்குகிறார்.)