கடலுக்கு அக்கரையில் பதின்மூன்றாம் ஆண்டு
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் எமது சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைத் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்குவதென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். எந்தப் பயிற்சிக்கு என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. தையல் மெசின் வாங்குவோம் என்கிறார்கள் ஒரு சாரார். கணினி அறை கட்டுவோம் என்கிறார்கள் மறு சாரார். இரண்டையும் மறுக்க நாம் இங்கு வரவில்லை. காசைச் செலவழிக்க முன் விசாரித்தறிய வேண்டியவை சில உண்டு. அவற்றைச் சொல்லவே வந்தோம்.

தொழிற்கல்வி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கன்னங்கரா அவர்கள் தலைமை தாங்கிய விசேட குழு 1943 இல் தந்த அறிக்கை இலவசக் கல்விக்காகவே நினைவுகூரப்படுகிறது. அதே அறிக்கை, இடைநிலைப் பாடசாலைகளை மூன்று வகையாகப் பிரித்து, அவற்றில் ஒன்றைச் செய்முறைப் பாடசாலையாக்கவும் சொன்னது. அந்தப் பகுதி நடைமுறையில் வேரூன்றவில்லை. 1972 சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன. அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்தப் பாடசாலை கற்பிக்கலாம் என்பது நல்ல எண்ணந்தான். 1977 இல் ஆட்சி மாறியது. அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் பெற்றோரின் மனப்பான்மையே காரணம் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிலிப் ஃபொஸ்டர் என்ற ஆய்வாளர் கானா நாட்டை ஆராய்ந்து 1965 இல் எழுதிய கட்டுரை அதற்கு மாறானது. பெற்றோர் அறியாமையால் ஏட்டுக் கல்வியை நாடவில்லை, எந்தப் படிப்புக்கு எந்தச் சம்பளம் கிடைக்கிறது என்பதைச் சரியாகவே கணக்குப் போடுகிறார்கள் என்பது அவர் வாதம். கிளறிக்கல் வேலைக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் எம்மை அனுப்பிய எங்கள் அப்பாமாருக்கு ஃபொஸ்டரைத் தெரியாது, பென்சனைத் தெரியும். அவர்கள் போட்ட கணக்கில் பிழை இருந்ததென்று நாம் நினைக்கவில்லை.

வேலை இருந்த இடத்தில் பயிற்சி தானாகவே வந்ததையும் தீவகம் கண்டிருக்கிறது. காரைநகரில் நோர்வே உதவியோடு எழுந்த சீநோர் படகுத்துறையில் எங்கள் ஆண்பிள்ளைகள் கண்ணாடியிழை வள்ளம் கட்டப் பழகினார்கள். யாரும் அவர்களிடம் தொழிலின் மகத்துவம் பற்றிப் பேசத் தேவைப்படவில்லை. வாசலில் சம்பளம் இருந்தது. பின்னர் போர் வந்தது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2017 இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரத்தில் சித்தியெய்தாத பிள்ளையும் உயர்தர வகுப்பில் தொழிற்பிரிவைத் தொடரலாம். பன்னிரண்டாம் ஆண்டு பாடசாலையில். பதின்மூன்றாம் ஆண்டு பயிற்சி நிலையத்தில். முடிவில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. நான்காம் மட்டம். அதற்கு மேல் ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகர். தாளில் பார்த்தால் வழி அடைபடவில்லை.

ஆனால் அந்தப் பதின்மூன்றாம் ஆண்டு எங்கள் பிள்ளைக்குக் கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. நெடுந்தீவுப் பிள்ளை வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகவேண்டும். காற்றுக் காலத்தில் வள்ளம் ஓடாது. நாள்தோறும் போய்வர முடியாது, தங்கவேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் தங்குமிடத்துக்கு உண்டு. பெண்பிள்ளை என்றால் யார் வீட்டில் தங்குவது என்ற கேள்வி கட்டணத்துக்கு முதலே வந்துவிடும். இந்தக் கேள்வியை எந்தப் பாடத்திட்டமும் தீர்க்காது. எங்கள் சங்கத்தால் முடியும். யாழ்ப்பாணத்தில் வீடுள்ள பழைய மாணவிகள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

அடுத்தது மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. பூட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வரலாம். இரவில் ஒரு பெட்டி பழுதானால் மறுநாள் வள்ளத்துக்குக் காத்திருப்பதா, ஊரிலேயே ஒரு பிள்ளை இருப்பதா? அந்தப் பிள்ளை ஏன் பெண்பிள்ளையாக இருக்கக்கூடாது? ஆயினும் அங்கே எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைக்கும் என்று மின்சார சபையைக் கேட்காமல் வகுப்புத் தொடங்கக்கூடாது. மூன்று பேருக்கு வேலையிருக்கும் இடத்தில் முப்பது பேரைப் பழக்குவது உபகாரமல்ல.

இன்னொரு கூட்டத்தாரை எவரும் எண்ணுவதில்லை. கருவாடு போடுகிற, நண்டுத் தசை பிரிக்கிற, பனையோலையில் பெட்டி இழைக்கிற எங்கள் பெண்களுக்குப் பயிற்சி தேவையில்லை. எங்களுக்கே அவர்கள் பழக்குவார்கள். அவர்களுக்கு இல்லாதது சான்றிதழ். தேசிய தொழில் தகைமை முறையில் முன்பு கற்ற திறனை மதிப்பிட்டே சான்றிதழ் வழங்க ஏற்பாடு உண்டு. எந்தெந்தத் தொழிலுக்கு அது பொருந்தும் என்பதைத் தொழிற்பயிற்சி அதிகாரசபையிடம் கேட்டு, படிவம் நிரப்ப ஒருவர் கூட இருந்தால் போதும். செலவு அற்பம்.

இனித் தையல். போருக்குப் பிறகு தீவகத்துக்கு வந்த உதவிகளில் தையல் மெசினுக்குக் குறைவில்லை. உறை போட்டு மூலையில் வைத்திருக்கும் வீடுகள் உங்களுக்கும் தெரிந்தவைதான். உடுப்புத் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாரும் இருக்கிறார்கள். யாருக்குப் பலித்தது, ஏன் பலித்தது என்று ஒருவரும் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. பயிற்சி முடிந்த நாளில் படம் எடுப்பார்கள். ஒரு வருடம் கழித்து வந்து பார்ப்பவர் இல்லை.

ஆகவே எமது குழு கேட்பது இதுதான். நிதியைத் தொடமுன் ஒரு கொப்பி வாங்குவோம். கடந்த பத்து ஆண்டில் எமது பாடசாலையை விட்டுப்போன ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அதில் எழுதுவோம். என்ன பழகினாள், இப்போது என்ன செய்கிறாள், இடையில் விட்டிருந்தால் எந்த மாதத்தில், எதனால் விட்டாள் என்று வீடுவீடாகக் கேட்போம். நெடுந்தீவுக்கு இருவர், நயினாதீவுக்கு ஒருவர், ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் மூவர் எனப் பெயர் தந்திருக்கிறார்கள். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் இன்னும் ஆளில்லை. தேநீர் இடைவேளையில் கொப்பி வாசல் மேசையில் இருக்கும். விரும்பியவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.