வெப்பத்துக்கு ஒரு கேடயம்

டில்லி மாநகரில் மே மாதத்து நண்பகல் எத்தன்மையது என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் நன்கறிவார்கள். நிழலிலேயே உஷ்ணம் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அத்தகைய ஒரு நாளில், நெடுந்தூரம் ஓடி வந்து நின்ற மோட்டார் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். வெளியே வீசும் அனல் காற்றே மேல் என்று சொல்லும்படி உள்ளிருந்து ஒரு வெம்மை முகத்தில் அறையும். அவ்வெம்மை எங்கிருந்து வருகிறது, அதனைத் தடுத்து நிற்கும் ஒரு சிறு தகட்டை நாம் எவ்வளவு அலட்சியமாக நடத்துகிறோம் என்பவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பெட்ரோல் எரிந்து தரும் சக்தி முழுவதும் சக்கரங்களைச் சுழற்றுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சாதாரணமாக அதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் பயனுள்ள வேலையாக மாறுகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதியை ரேடியேட்டரில் ஓடும் நீர் ஏற்றுக்கொள்கிறது. மற்றொரு பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. வண்டி பாரத்தோடு மேட்டில் ஏறும்பொழுது அப்புகையின் உஷ்ணம் 800 டிகிரியையும் எட்டக்கூடும். இயந்திரத்திலிருந்து அப்புகையை முதலில் வாங்கிக்கொள்வது, மெக்கானிக்குகள் மேனிபோல்டு என்று கூறும் கிளைக் குழாய். அக்குழாயிலிருந்து சாண் தூரத்தில் மின்கம்பிகள், ரப்பர்க் குழாய்கள் முதலியன இருக்கின்றன. கம்பிகளின் மேலுறையோ 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே தளர்ந்து கெடத் தொடங்கும் பண்டம். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதுதான் வெப்பத் தடுப்புத் தகடு. பெரும்பாலும் அது அலுமினியத்தாலோ, அலுமினியப் பூச்சுக் கொண்ட எஃகினாலோ ஆனது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகமாயிற்றே, அதனினும் சூடான புகை ஓடும் குழாயின் அருகில் அது காவல் நிற்பது எங்ஙனம்?

இதற்கு விடையை நம் அடுக்களையிலேயே காணலாம். விறகடுப்பின் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கன்னம் காய்கிறது. முகத்துக்கு எதிரே ஒரு முறத்தைப் பிடித்தால் அக்கணமே ஆறுதல் உண்டாகிறது. அடுப்பும் அணையவில்லை, அறையின் காற்றும் குளிரவில்லை. ஆகவே கன்னத்தைச் சுட்டது பெரும்பாலும் காற்று அன்று, தீயிலிருந்து நேர்க்கோட்டில் பாய்ந்து வந்த வெப்பக் கதிர்களே என்பது தெளிவாகிறது. வெப்பம் ஒரு பொருளினூடே கடத்தப்பட்டும் செல்லும்; காற்றோடு கலந்தும் செல்லும்; கதிராகப் பாய்ந்தும் செல்லும். கனலும் குழாய்க்கு அண்மையில் கதிரின் தாக்குதலே கடுமையானது.

பளபளப்பான அலுமினியம் தன்மீது படும் வெப்பக் கதிர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தான் சூடான பின்பும் கதிர்களை மிகச் சிக்கனமாகவே வெளியிடும். 1892-ல் ஜேம்ஸ் டூவர் என்னும் விஞ்ஞானி அமைத்த வெற்றிடக் குடுவையிலும், அதன் வழிவந்த நமது பிளாஸ்கிலும், கண்ணாடிச் சுவருக்கு வெள்ளிப் பூச்சு இடுவது இதே காரணத்தால்தான்.

இதனோடு இன்னொரு நியதியும் சேர்ந்து உதவுகிறது. 1879-ல் ஸ்டெஃபான் கண்டறிந்த அந்நியதியின்படி, கதிராக வெளிப்படும் வெப்பம், தனி வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப ஏறியிறங்குகிறது. 600 டிகிரியில் உள்ள குழாயையும் 200 டிகிரியில் உள்ள தகட்டையும் ஒப்பிடுவோம். இரண்டின் மேற்பரப்பும் ஒரே தன்மையதாக இருப்பினும், அதே அளவு பரப்பிலிருந்து தகடு வெளியிடுவது குழாய் வெளியிடுவதில் ஏறத்தாழ 12-ல் ஒரு பங்குதான். பளபளப்பும் சேர்ந்தால் அதனினும் குறைவு. ஆனால் தகடு இவ்வாறு தணிந்திருக்க வேண்டுமானால், அது குழாயைத் தொடாமல், இருபுறமும் காற்று ஓடும்படி விலகி நிற்க வேண்டும். குழாயைத் தொட்டால் வெப்பம் நேரே கடத்தப்படும். அப்பொழுது காவற்காரனே கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் ஆவான்.

நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டுகள் ஆட்சி புரிந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பழைய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இயந்திரத்தில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் கனலும் புகைக் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தன. பெட்ரோலின் இலேசான கூறுகளோ 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்குபவை. கோடையில் டேராடூனிலிருந்து முசூரி மலை ஏறும் அத்தகைய வண்டிகளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். ஆவி நிறைந்த குழாயிலிருந்து பம்பு எரிபொருளை இழுக்க இயலாது, வண்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கி, ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். இன்றைய வண்டிகளில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தப்படுவதால் இத்தொல்லை அருகிவிட்டது. ஆயினும் வெப்பம் அருகிவிடவில்லை. புகையின் நஞ்சைக் குறைக்கும் மாற்றிகள், 1995 ஏப்ரல் முதல், டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களில் இடம்பெறலாயின. பல நூறு டிகிரி சூட்டில் மட்டுமே செவ்வனே வேலை செய்யும் அம்மாற்றிகளுக்கும் தகட்டின் காவல் தேவைப்படுகிறது.

இனி நமது சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவோம். மொழிபெயர்ப்பு நமது உத்தியோகம். சில ஆண்டுகளுக்கு முன், வாகனப் பராமரிப்பைப் பற்றிய கையேடு ஒன்று நமது மேஜைக்கு வந்தது. அதில் வந்த ஒரு சொல்லுக்குத் திரை என்று எழுதுவதா, உறை என்று எழுதுவதா என ஒரு முற்பகல் முழுவதும் ஆராய்ந்து, முடிவில் 'வெப்பக் கேடயம்' என்று எழுதித் திருப்தி அடைந்தோம்.

அதே ஆண்டில், நாம் வாங்கியிருந்த பழைய காரில் தகரம் அதிரும் ஓசை எழலாயிற்று. பட்டறையில் இருந்தவர் ஒரு நிமிடத்தில் காரணத்தைக் கண்டார். தகட்டின் போல்ட் துளை துருவேறி அகன்றுவிட்டது. “இது இல்லாமலே வண்டி ஓடும், சாப்” என்று சொல்லி அதனைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்தார். ஓசை நின்றது. நாமும் மகிழ்ந்து கூலியைக் கொடுத்து வந்தோம்.

அடுத்த கோடையில் குடும்பத்தோடு ஆக்ரா சென்று திரும்புகையில், ரப்பர் கருகும் வாடை வீசிற்று. வண்டியை ஓரங்கட்டி, குழந்தைகளை இறக்கித் தொலைவில் நிறுத்திவிட்டுப் பானெட்டைத் திறந்தோம். தகடு இருந்த இடத்துக்கு நேராக, மின்கம்பியின் உறை உருகிச் செம்பு வெளியே தெரிந்தது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய் வெடிப்பு விட்டிருந்தது. ஒரு பொறியும் ஒரு துளியும் சந்திக்காதது நமது நல்வினை. பட்டறைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை, சம்மதித்தவர்கள் நாமே. சொல்லை ஒரு முற்பகல் ஆராய்ந்த நாம், பொருளை ஒரு நிமிடமும் ஆராயவில்லை.

ஆகவே நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். அதிரும் தகட்டை எறிந்துவிடாதீர்கள். துளை அகன்றிருந்தால், அகலமான எஃகு வாஷர் ஒன்றை வைத்து முடுக்கினாலே பெரும்பாலும் ஓசை அடங்கிவிடும். தகடே அரித்துப் போயிருந்தால், அவ்வண்டிக்குரிய புதுத் தகட்டைப் பொருத்துங்கள். இயந்திரம் நன்கு ஆறிய பிறகு, தகட்டில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் துடையுங்கள். பளபளப்பு மங்கினால் காவலும் மங்கும். துடைத்த துணியை உள்ளே மறந்துவிடாதீர்கள். கூடுதல் பாதுகாப்பு என்றெண்ணி, ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் வழியை அடைத்துவிடாதீர்கள். உலர்ந்த புல்லின் மேலும் சருகின் மேலும் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள். கீழேயுள்ள தகடு தடுக்கக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு.

தகடு வெப்பத்தை அழிப்பதில்லை. அதனைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. திரும்பிய வெப்பத்தை வெளியே கொண்டு செல்ல வேண்டியது காற்று. போர்க்களத்தில் கேடயம் பகைவனைக் கொல்வதில்லை. அடியை ஏற்றுத் திருப்புகிறது. அம்முற்பகலில் நாம் தேர்ந்த சொல் பொருத்தமானது என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் அதன் பொருளை நமக்குக் கற்பித்தது அகராதி அன்று. ஆக்ரா சாலையில் வீசிய அந்த வாடைதான்.