காட்டுப் பட்டுப்பூச்சி



ஓசூர் என்றதும் ஆலைகள் நினைவுக்கு வரும்; அடுத்து வருவது பட்டு. மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூடு அங்காடியும் இவ்வட்டாரத்தின் பழகிய காட்சிகள். பட்டுப்புழு, மல்பெரி ஆகியவற்றின் மூலவகைகளைப் பேணும் மத்திய நிலையமும் 1990-இல் ஓசூரில்தான் நிறுவப்பட்டது. அங்குப் பேணப்படும் பூச்சி சில ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் கையில் வளர்ந்தது. அதற்குச் சிறகு உண்டு. பறக்கும் ஆற்றல் இல்லை. மனிதன் இலை பறித்துப் போடாவிட்டால் அதன் குலம் அற்றுப்போகும்.

அதற்குக் காட்டில் ஒரு தூரத்து உறவு உண்டு. அதுவே தென்னிந்திய இலையுதிர்க் காடுகளில் வாழும் டசர் பட்டுப்பூச்சி. லின்னேயஸ் 1758-இல் இதற்குப் ‘பாஃபியா’ என்று பெயரிட்டார். 1773-இல் துரூரி பெயரிட்ட ‘மைலிட்டா’வும் இதுவும் ஒன்றா, வேறா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இதனை அடையாளம் காண்பது அரிதன்று. விரித்த கையளவு அகன்ற சிறகுகள். நான்கிலும் கண் போன்ற வட்டப் புள்ளி. அதன் நடுவே கண்ணாடி போன்ற சவ்வு. இதனினும் பெரிய அட்லஸ் பூச்சிக்கு அச்சவ்வு முக்கோணமாக இருக்கும். நிலாப்பூச்சியோ வெளிர்பச்சை நிறமும் நீண்ட வாலும் உடையது. டசர்ப் பூச்சியில் ஆணின் உணர்கொம்பு அகன்ற இறகு போன்றது, பெண்ணினது ஒடுங்கியது.

இதன் பச்சைநிறப் புழு நீர்மருது, கருமருது, இலந்தை ஆகியவற்றின் இலைகளைத் தின்று, நான்கு முறை தோலுரித்து வளர்கிறது. பின்னர்க் கிளையைச் சுற்றி இழையால் ஒரு வளையம் கட்டி, அதிலிருந்து காம்பு இறக்கி, காய் தொங்குவதுபோல் கடினமான கூட்டை அமைக்கிறது. மரம் இலையுதிர்த்து நிற்கும் வறட்சியிலும் கூடு விழுவதில்லை. மழை பெய்து தளிர் அரும்பும் பருவத்தில், தான் சுரக்கும் நீரால் கூட்டின் நுனியை இளக்கிப் பூச்சி வெளிவருகிறது.

வெளிவந்த பூச்சி எதையும் உண்பதில்லை. புழுவாய் இருந்தபோது சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. ஆயுள் சில நாள்களே. அதற்குள் பெண் மணம் பரப்ப வேண்டும்; ஆண் அதனைப் பின்பற்றி இருளில் வந்து சேர வேண்டும்; முட்டையும் இட்டாக வேண்டும்.

விளக்கில் விழும் விட்டிலை ஆசையால் அழியும் அறிவிலி என்றே கவிஞர் பாடி வந்தனர். அது வீண்பழி. இரவில் ஒளியுள்ள பக்கமே வானம் என்று கொண்டு, அதற்கு முதுகைக் காட்டிப் பறப்பது பூச்சிகளின் இயல்பு; செயற்கை விளக்கருகே அவ்வியல்பே அவற்றைச் சுழலவைத்துச் சிறைப்படுத்துகிறது என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சில நாள் வாழும் பூச்சிக்கு விளக்கடியில் இழந்த ஓரிரவு வாழ்வின் பெரும்பங்கு.

மேலகிரிக் காடுகளுக்கு 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், அதையடுத்த காடுகளுக்கு 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமும் காப்பாக அமைந்தன. அவற்றுக்கு வெளியே, ஓடைக்கரை மருதையும் வரப்போர இலந்தையும் மக்களே காக்க வேண்டும். காட்டை ஒட்டிய ஆலைகள் விளக்கைத் தரைநோக்கிக் கவிக்கலாம். வேண்டாத நேரத்தில் அணைக்கலாம். ஒரு பட்டுப்பூச்சிக்கு அரசு நிலையம் அமைத்துள்ளது. மற்றதற்கு வேண்டியவை மரமும் இருளுமே.