விசா கிடைத்தால் போதுமா?

(‘கடல் கடந்து கணவனிடம் போகும் பெண்ணுக்குப் பெரிய சோதனை விசா வாங்குவதா? வாங்கிய பின் வாழ்வதா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வாங்கிய பின் வாழ்வதே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் கத்தை கத்தையாகக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களும், கட்டிக் கொடுக்கப் போகிறவர்களுமாகத் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னால பேசிய நண்பர், அமெரிக்காவுக்கு விசா வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு அடுக்கினார் பாருங்க, எனக்கே கண் கலங்கிப் போச்சு. மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடிமகனா இருந்தா முதல்ல ஐ-130னு ஒரு மனு போடணும். அது தேறினா கோப்பு நேஷனல் விசா சென்டருக்குப் போகும். அப்புறம் பொண்ணு டிஎஸ்-260னு ஒரு படிவம் நிரப்பணும். மாப்பிள்ளை ஐ-864ல கையெழுத்துப் போட்டு, ‘இவளை நான் தாங்குவேன்’னு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கணும். பொதுவா அவர் வருமானம் அந்த நாட்டு வறுமைக் கோட்டு அளவுல 125 சதவீதமாவது இருக்கணும். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை... இத்தனையும் முடிச்சுட்டு, திருநெல்வேலிப் பொண்ணு மும்பைக்கு ரயிலேறி நேர்காணலுக்குப் போகணும்.

எல்லாம் உண்மைதான் ஐயா. நான் மறுக்கல. நம்ம ஊர்ல மாப்பிள்ளை வீட்டார், ‘எங்க பையன் உங்க பொண்ணைக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவான்’னு வாயால சொல்லுவாங்க. அதைக் கையெழுத்தோட எழுதி வாங்குறது அமெரிக்க அரசாங்கம் ஒண்ணுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

நிஜக் கல்யாணம்தானான்னு காட்ட ஆல்பத்தைத் தூக்கிட்டுப் போறாங்க. தாலி கட்டுற படத்தைத் திறந்தா, அதுல மாப்பிள்ளையும் இல்ல, பொண்ணும் இல்ல. வீடியோக்காரர் முதுகுதான் இருக்கு! (பலத்த சிரிப்பு)

ஆனா எதிரணி நண்பர்களே, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. விசாவுல எந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு சொல்லிக் கொடுக்க வழிகாட்டி இருக்கு. ஒரு காகிதம் குறைஞ்சா, ‘இது குறையுது, கொண்டா’ன்னு கடிதம் வரும். போய் வாழுற வாழ்க்கையில எது குறையுதுன்னு யார் கடிதம் போடுவா?

‘காத்திருக்கணுமே, அது எவ்வளவு வேதனை!’ன்னார் நண்பர். வேதனைதான். கிரீன் கார்டு வச்சிருக்கிற மாப்பிள்ளையைக் கட்டினா, வருஷத்துக்கு இத்தனை பேர்தான்னு உச்சவரம்பே இருக்கு. வரிசையில நின்னுதான் போகணும். ஆனா அந்தக் காத்திருப்புல ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கிறாங்க. அவரும் நாள் எண்ணுறார், இவளும் நாள் எண்ணுறா. இங்கே அப்பா இருக்கார், அம்மா இருக்காங்க, ‘என்னம்மா, வந்துடுச்சா?’ன்னு கேக்கத் தெருவே இருக்கு. அங்கே போன பிறகு? காலையில அவர் ஆபீசுக்குக் கிளம்பிக் கதவைச் சாத்திட்டுப் போறார். உள்ளே இவ ஒருத்திதான்.

ஐயா, பேரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம்ம தமிழ்நாட்டு வழக்கம், பேருக்கு முன்னால அப்பாவோட இனிஷியல். பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர்ங்கிற கட்டத்தைக் காலியா விட்டுடுவோம். அமெரிக்க விசாவுல என்ன செய்வாங்க தெரியுமா? இருக்கிற ஒரே பேரைத் தூக்கிக் குடும்பப் பெயர் இடத்துல போட்டுட்டு, சொந்தப் பெயர் இடத்துல ‘எஃப்.என்.யூ.’ன்னு அடிச்சுடுவாங்க. ‘முதல் பெயர் தெரியவில்லை’ன்னு அர்த்தம். பாட்டி மடியில வச்சு, காதுல மூணு தரம் சொல்லி, ஊருக்கே சாப்பாடு போட்டு வச்ச பேரு ஐயா! ஆஸ்பத்திரியில நர்ஸ் வந்து, ‘ஃபினூ... ஃபினூ’ன்னு கூப்பிடுறா. இவ, ‘பாவம், யாரோ ஃபினூவைக் காணோம் போலிருக்கு’ன்னு உட்கார்ந்திருக்கா! (பலத்த சிரிப்பு)

‘இது விசாக் கோளாறுதானே’ம்பாங்க எதிரணியில. விசாவுல அது மூணே எழுத்து. அப்புறம் பேங்குல, லைசென்ஸ் ஆபீசுல, பிள்ளையைச் சேர்க்கிற பள்ளிக்கூடத்துலன்னு போற இடமெல்லாம் ‘என் பேரு அது இல்லீங்க’ன்னு விளக்கம் சொல்லிட்டு நிக்கிறது வாழ்க்கை. தாய்மார்களே, பொண்ணுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே ரெண்டு கட்டத்தையும் நிரப்பி எடுங்க. இதை இந்தக் கூட்டத்துல நாலு பேர் கேட்டுச் செஞ்சாலும் எனக்குச் சந்தோஷம்.

அடுத்து, நம்ம பொண்ணுங்க நிறையப் பேர் போறது குடியேற்ற விசாவுல இல்ல. கணவன் ஹெச்-1பி விசாவுல வேலை பார்ப்பார், இவளுக்கு அவரைச் சார்ந்தவள்னு ஹெச்-4. நேர்காணல் சென்னையிலேயே, அண்ணா மேம்பாலம் பக்கத்துல. நம்ம ஊர் ஆட்டோவுல போய் இறங்கலாம்! (சிரிப்பு)

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு அப்படித்தான் போனா. கோயம்புத்தூர்ல பொறியியல் கல்லூரி விரிவுரையாளர். வகுப்புல அறுபது பேர் எழுந்து நின்னு ‘குட் மார்னிங் மேடம்’னு சொல்லுவாங்க. மாசம் பிறந்தா சம்பளத்துல ஒரு பங்கை அம்மா கையில கொடுத்தவ. ஹெச்-4ல போனவளுக்குத் தானா வேலை பார்க்கிற உரிமை கிடையாது. 2015 மே மாதத்துலேருந்து ஒரு விதி வந்துச்சு. கணவனோட கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தா, மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மனு அவருக்கு இன்னும் போடலைன்னா? இவ படிப்பு பீரோவுக்குள்ள.

பஸ் இல்லாத புறநகர். பால் வாங்கணும்னா கார் வேணும். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், வண்டி போறது வலப்பக்கம். நியூயார்க் பக்கம்னா நமக்கும் அவங்களுக்கும் ஒன்பதரை மணியோ பத்தரை மணியோ வித்தியாசம். அவ மத்தியானம் தனியா உட்கார்ந்து, ‘அம்மாகிட்டப் பேசலாமா’ன்னு நினைக்கும்போது இங்கே அம்மா அசந்து தூங்குற நேரம்.

ஒரு நாள் அவளுக்கு ஒரு அஞ்சு டாலர் தேவைப்பட்டுச்சு. கணவன்கிட்டக் கேட்டா. அவர் நல்ல மனுஷன், நூறு டாலரா எடுத்துக் கொடுத்தார். அன்னைக்கு ராத்திரி அவ அழுதா ஐயா. ஏன்? அவர் இல்லைன்னு சொல்லல. ஆனா கேட்கணுமே! இருபத்தாறு வயசுல, எதுக்குன்னு சொல்லிக் கேட்கணுமே! இந்த வேதனைக்கு எந்தத் தூதரகத்துல ஐயா படிவம் இருக்கு? (நீண்ட கைதட்டல்)

அவ எப்படி மீண்டா தெரியுமா? நடந்து போற தூரத்துல பொது நூலகம் இருந்துச்சு. அங்கே காசு வாங்காம ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடந்தது. பாடம் நடத்தின பொண்ணு, பாடம் கேட்கப் போய் உட்கார்ந்தா. நாலு நாட்டுப் பொண்ணுங்க சிநேகம் கிடைச்சது. கார் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கினா. ஹெச்-4ல வேலைதான் கூடாதே தவிர, படிக்கலாம். பக்கத்துக் கல்லூரியில ஒரு பாடம் எடுத்துப் படிச்சா. வார இறுதியில தமிழ்ப் பள்ளியில பிள்ளைகளுக்குத் தொண்டா ‘அ, ஆ’ சொல்லிக் கொடுத்தா. முதல் நாள் ஒரு வாண்டு எழுந்து நின்னு ‘வணக்கம் டீச்சர்’னுச்சாம். ‘தொலைஞ்சு போன என் பேரு அன்னைக்குத்தான் திரும்பக் கிடைச்சது’ன்னு சொன்னா.

நடுவர்: மணி அடிக்கலாம்னு கையை எடுத்தேன், மனசு வரல. பேசுங்கம்மா. (கைதட்டல்)

நன்றி ஐயா. சிரிக்கிற விஷயமெல்லாம் சொல்லிட்டேன். சிரிக்க முடியாத ஒண்ணு பாக்கி இருக்கு.

எல்லாக் கணவனும் நூறு டாலர் எடுத்துக் கொடுக்கிறவன் இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகறதுக்குள்ள குடிமகனோட மனைவியா குடியேறிப் போற பொண்ணுக்கு, ரெண்டு வருஷத்துக்கு மட்டும் செல்லுற கிரீன் கார்டுதான் கொடுப்பாங்க. அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ஐ-751ங்கிற மனுவுல கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். கொடுமைக்காரன் இதைச் சொல்லியே மிரட்டுவான், ‘நான் கையெழுத்துப் போடலைன்னா நீ ஊருக்குத்தான்’னு. அது பொய் தாய்மார்களே! அடி உதை, கொடுமைன்னா கணவன் கையெழுத்து இல்லாமலே அவ தனியா மனுப் போடச் சட்டத்துல இடம் இருக்கு. ஹெச்-4ல போனவளுக்கு நிலைமை இன்னும் சிக்கல். விவாகரத்து ஆனா அந்தத் தகுதியே போயிடும். அவ உடனே நல்ல வக்கீலைப் பார்க்கணும்.

எதிரணியினர் இதைக் கவனிக்கணும். 2006-ல் அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்துச்சு. மணத்துணை வழியா குடியேற்ற விசாவுக்கு வர்றவங்க கையில, ‘குடும்பத்துல வன்முறை நடந்தா உனக்கு இன்னின்ன உரிமை உண்டு’ன்னு ஒரு சிற்றேடு கொடுக்கணும்ங்கிற ஏற்பாடு அதுலேருந்து வந்ததுதான். விசா கொடுக்கிறவனுக்கே தெரியுது ஐயா, கஷ்டம் தன்னோட ஜன்னலோட முடியலைன்னு! என் அணிக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா? (கைதட்டல்)

இதுக்காகவே நம்ம பக்கத்துப் பெண்கள் அங்கே அமைப்பு நடத்துறாங்க. நியூஜெர்சியில ‘மானவி’ 1985-லயும், நியூயார்க்கில ‘சகி’ 1989-லயும் தொடங்கினவை. ஆபத்துன்னா 911. இந்த மூணு எண்ணை பொண்ணோட நோட்டுல எழுதி அனுப்புங்க.

பெற்றோர்களே! விமான நிலையத்துல ஊறுகாய் பாட்டிலைப் பத்து தரம் சோதிக்கிறோம். (சிரிப்பு) பொண்ணைப் பத்தி நாம கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு: ‘விசா வந்துடுச்சா?’ இனிமே அதோட நிறுத்தாதீங்க. எந்த விசா? அதுல அவ வேலை பார்க்கலாமா? போன மறுமாசம் லைசென்ஸ் எடுக்க மாப்பிள்ளை கூட்டிட்டுப் போவாரா? அவ பேர்ல பேங்குக் கணக்கு உண்டா? பாஸ்போர்ட் யார் கையில இருக்கும்? சம்பந்தம் பேசும்போதே கேளுங்க. நகை எத்தனை பவுன்னு கேட்கக் கூசாத வாய், இதைக் கேட்க ஏன் கூசணும்?

மாப்பிள்ளைகளே! நீங்க ஐ-864ல கையெழுத்துப் போட்டது அரசாங்கத்துக்கு. அவளுக்குச் செய்ய வேண்டியது வேற. கார் சாவியைக் கொடுங்க, கணக்குல அவ பேரைச் சேருங்க, சாயங்காலம் வந்ததும் டி.வி.யைப் போடறதுக்கு முன்னால ஒரு கால் மணி நேரம் அவளோட உட்கார்ந்து பேசுங்க.

நடுவர் அவர்களே! விசாவுக்குக் கோப்பு சரியா இருந்தா அதிகாரி முத்திரை குத்திடுவார். வாழ்க்கைக்கு அவளேதான் நாள்தோறும் முத்திரை குத்திக்கணும். அதனால, பெரிய சோதனை வாங்கிய பின் வாழ்வதே என்று தீர்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)