நாலு கண்ணி கூடுதலாக



இலக்கிய நிகழ்ச்சியில் நூலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் நீங்கள் புத்தகம் என்றே நினைப்பீர்கள். நான் பேச வந்தது மற்ற நூலைப் பற்றி. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் மொழி அவ்வளவு சுலபமாக இடம் தருவதில்லை. 'பனுவல்' என்ற சொல்லை எடுங்கள். பஞ்சிலிருந்து இழுத்த இழைக்கும் அதுதான் பெயர். புலவன் செய்த செய்யுளுக்கும் அதுதான் பெயர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமிக்கிறார். அப்படியானால் புலவன் யார்? நூல் நூற்கும் பெண். பள்ளிக்கூடத்தில் இந்தச் சூத்திரத்தை மனனம் செய்தபோது புலவனைப் பற்றி எங்களுக்கு நிறையச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவள் யார் என்று அறியச் சங்கப் பாடல்களுக்குத்தான் போகவேண்டும். நற்றிணையின் 353 ஆம் பாட்டில் கபிலர், மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாக மெல்லிய நூலைக் காட்டுகிறார். அந்த நூலைச் செய்தவர்கள் ஆண் துணை இல்லாத பெண்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். புறநானூற்றின் 326 ஆம் பாட்டு இன்னும் அருமையானது. இரவில் காட்டுப் பூனைக்குப் பயந்து ஒரு பேட்டுக்கோழி அலறுகிறது. பருத்தி வேலை செய்யும் பெண் ஒருத்தி பஞ்சின் குப்பையைப் புடைத்து நீக்குவதற்காக எழுந்து சிறு விளக்கொன்றை ஏற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் கோழி தன் சேவலைக் கண்டு தேறுகிறது. அவள் கோழிக்காக விளக்கேற்றவில்லை. தன் வேலைக்காக ஏற்றினாள். இதைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். பெயரைப் பார்த்தால் அவரும் கைத்தொழில்காரர்தான். இரவில் விழித்திருந்து வேலை செய்பவர்களைக் கண்டவர் என்று நினைக்கிறேன்.

இந்தப் பாட்டு எனக்கு விளங்கியது வகுப்பறையில் அல்ல. 1996 இல், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த தொடர்மாடி வீட்டில்.

அந்த வருடம் எப்படிப்பட்டதென்று கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்கள் நிறைந்து வழிந்தன. வந்தவர்களில் பலர் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். சிலர் கடிதத்துக்காக, சிலர் ஒரு தொலைபேசி அழைப்புக்காக. எதற்கென்று தெரியாமலே காத்திருந்தவர்களும் உண்டு. சனிக்கிழமை பின்னேரங்களில் அந்த மாடிவீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பெண்கள் கூடினோம். சங்கம் என்று பெயர் கிடையாது. தலைவி, செயலாளர் கிடையாது. வீட்டுக்கார மாமி தேத்தண்ணீர் தருவா. யாராவது பலகாரம் கொண்டுவருவார்கள். கடலோரத்தால் ரயில் போகும்போதெல்லாம் கோப்பைகள் கிலுகிலுக்கும். பேச்சு நிற்கும். கைகள் நிற்கமாட்டா.

என்ன செய்தோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். வியர்வை வழியும் கொழும்பில் இருந்துகொண்டு கம்பளிச் சட்டை பின்னினோம். ரொறன்ரோவில், ஒஸ்லோவில், சூரிச்சில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு! பனியை வாழ்நாளில் காணாத பெண்கள், பிள்ளையின் காதுக்குக் குளிர் ஏறுமா, கழுத்துக்கு ஏறுமா என்று தர்க்கித்தார்கள். சூட்டில் விரல்கள் ஈரமாகிக் கம்பளி நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகக் கைக்கு முகப்பவுடர் பூசிக்கொள்வோம். புது நூல் விலை கூட. ஆகையால் பழைய சுவெற்றர்களை வாங்கிப் பிரிப்போம். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். சுருளாகக் கட்டிக் கழுவி, அடியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டுக் காயவைத்தால்தான் நேராகும். மாமியின் குளியலறையில் அம்மிக்குழவி தொங்கிய காட்சியைப் பார்த்துப் பயந்தோடிய விருந்தாளிகள் உண்டு.

எங்களுக்குள் கைவேலை தெரிந்தவர் கொட்டாஞ்சேனை அக்கா. தேவாலயப் பீடத்து விரிப்புகளுக்கு ரேந்தை பின்னிப் பழகிய கை. ஒற்றைக் கொளுக்கியில் குறோசே போடுவதில் அவவை மிஞ்ச ஆளில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி காலியில் பிறந்தவர். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தென்கரையில் வழங்கிவருவதாகச் சொல்லப்படும் பீரலு ரேந்தை அவருக்குத் தாயிடமிருந்து வந்தது. தலையணை போன்ற உருளையில் குண்டூசிகளைக் குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடுவார். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை மழை தூறுவதுபோல் இருக்கும். 'காலி அக்கா' என்றே அவரை அழைத்தோம். அவருடைய தமிழ் பாதி. எங்களுடைய சிங்களம் கால். கண்ணியை எண்ணுவதற்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் மாமிக்கு ரொறன்ரோவிலிருந்து கடிதம் வந்தது. உள்ளே ஒரு நூல்துண்டு. பேரனின் நெஞ்சளவை மகன் நூலால் அளந்து, வெட்டி, உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தான். மாமி அதை மேசையில் நீட்டி வைத்தா. அந்தப் பிள்ளையை மாமி கண்டதில்லை. நாங்கள் எல்லோரும் அந்தத் துண்டைச் சுற்றி நின்று பார்த்தோம், பிள்ளையே அங்கே படுத்திருப்பதுபோல. கொட்டாஞ்சேனை அக்காதான் முதலில் வாய் திறந்தா. "நாலு கண்ணி கூடப் போடுங்கோ மாமி. கடிதம் வர மூன்று கிழமை. பின்னி அனுப்ப இரண்டு மாதம். அளவு எடுத்த பிள்ளை அந்த அளவிலேயே இருக்குமே?" அன்றிலிருந்து எங்கள் கணக்கில் அது ஒரு விதியாயிற்று. இப்போது கைத்தொலைபேசியில் பிள்ளையை நிறுத்திவைத்து அளவு கேட்கலாம். அன்றைக்கு, நாலு கண்ணிதான் எங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த தூரத்தின் கணக்கு.

ஒன்ராறியோவுக்கும் நமக்கும் இந்த விடயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1897 இல் அம்மாகாணத்தின் ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் கிராமப் பெண்கள் கூடி 'மாதர் நிலையம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுவேலையையும் கைவேலையையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதே அதன் நோக்கம். கனடாவிலிருந்து மருத்துவராக இலங்கை வந்து ஒரு தமிழரை மணந்து இங்கேயே வாழ்ந்த மேரி இரத்தினம் அம்மையார், அதை முன்மாதிரியாகக் கொண்டு 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கினார். 1958 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கனடாவிலிருந்து வந்த யோசனை ஒன்று எங்கள் ஊர்களில் பரவி, அறுபது எழுபது வருடங்களுக்குப் பிறகு பின்னிய சட்டையாக அதே மாகாணத்துக்குத் திரும்பிப் போனதென்று சொன்னால் மிகையோ? மாமியிடம் இதைச் சொன்னேன். "தபால் செலவையும் அவவே தந்திருக்கலாம்" என்றா.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

நத்தாருக்கு முன்னர் ஒரு விற்பனைச் சந்தை நடக்கவிருந்தது. நம் கைவேலைகளை விற்போம் என்று யோசனை சொன்னவள் நான். விலை போட்டவளும் நானே. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தா. வடக்கிலிருந்து வந்தவ, முன்னாள் ஆசிரியை, நாங்கள் ரீச்சர் என்போம். அவ இரண்டு மாதமாகப் பின்னிய மேசைவிரிப்பு ஒன்றிருந்தது. புறக்கோட்டையில் இயந்திர ரேந்தை என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதற்குச் சற்றுக் கூட்டி விலை எழுதினேன். நியாயமென்றே நினைத்தேன். விற்றுத் தீர்ந்தது. பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "நூலுக்கும் காணாது, பிள்ளை" என்று மட்டும் சொன்னா. அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை.

கைவேலைக்கு விலை கிடைக்காதென்றில்லை. நல்லாயன் கன்னியரின் வேண்டுகோளால் நெசவு வடிவமைப்புக்கு வந்தவர் பாபரா சன்சோனி. கிராமத்துப் பெண்களின் கைத்தறித் துணிக்குத் துணிந்த நிறங்களைத் தந்து, 1964 இல் 'பெயார்ஃபுட்' நிறுவனத்தைத் தொடங்கி, அதை உலகமறியச் செய்தார். ஆனால் அங்கே வடிவமைப்பு இருந்தது, சந்தை இருந்தது, வருடக்கணக்கான உழைப்பு இருந்தது. என்னிடம் இருந்தது உற்சாகம் மட்டும். அதைவிடப் பெரிய பிழை, எங்களில் யாருக்குப் பொழுதுபோக்கு, யாருக்கு அடுத்த கிழமைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் எண்ணிப் பாராதது. ஒரே விறாந்தையில் இருந்து ஒரே தேத்தண்ணீரைக் குடித்தால் எல்லோரும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். சிநேகிதம் மறைத்துவைக்கும் விடயங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாம் சனி நானும் காலி அக்காவும் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம். வழியில் சோதனைச் சாவடி. என் பையிலிருந்த நீண்ட உருக்கு ஊசிகளை வெளியே எடுத்த இளம் சிப்பாய் முகம் இறுகி நின்றான். ஊசியோடு சேர்ந்து, கட்டைவிரல் அளவில் ஒரு குழந்தைக் காலுறை, பாதி பின்னியபடி வெளியே வந்தது. காலி அக்கா அவனுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் காலுறையை விரலில் மாட்டிப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் பக்குவமாகப் பைக்குள் வைத்துத் தந்தான்.

ரீச்சரின் அறையில் நாலுபேர் இருந்தார்கள். ஒரு கட்டிலும் சுவரில் ஓர் ஆணியும் அவவின் பங்கு. ஆணியில் தொங்கிய பையிலிருந்து நீலநிறப் பின்னலொன்று எட்டிப் பார்த்தது. வளர்ந்த ஆணுக்குரிய சுவெற்றர். முதுகுப் பக்கம் முடிந்து முன்பக்கம் பாதியில் நின்றது. விறாந்தைக்கு அதை அவ கொண்டுவந்ததே இல்லை. ஆருக்கு என்று நான் கேட்க வாயெடுத்தபோது, காலி அக்கா என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு அந்தப் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கண்ணி" என்றார், தமிழில். ரீச்சருக்குக் கண் கலங்கியது. காலி அக்கா தன் பையிலிருந்து பிரித்துக் கழுவிய நீல நூல் சுருள் இரண்டை எடுத்து மடியில் வைத்தார். அந்த நீலத்துக்கும் இந்த நீலத்துக்கும் பொருத்தமில்லை. என்றாலும் ரீச்சர் வாங்கிக்கொண்டா.

ரீச்சரின் மகனைப் பற்றி நாங்கள் அறிந்தது பின்னர்தான், அதுவும் துண்டு துண்டாக. போனவன் வரவில்லை, கடிதமும் இல்லை. சிலியில் 1973 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் கோணித்துணியில் பழந்துணித் துண்டுகளைத் தைத்துத் தங்கள் கதையைப் படமாக்கினார்கள் என்று படித்திருக்கிறேன். தேவாலயத்தின் ஆதரவில் அவை வெளிநாடுகளுக்குப் போய்ச் சாட்சி சொல்லின. ரீச்சரின் சுவெற்றர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனியிலிருந்து அவ அதை விறாந்தைக்குக் கொண்டுவந்து பின்னினா. நாங்கள் கேட்கவில்லை. கண்கள் கையிலிருக்கும்போது வாய் தானாகச் சில வார்த்தை சொல்லும். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அதுவும் வந்திராது.

விற்பனைச் சந்தை என்ற பேச்சு அதன்பின் எழவில்லை. மேசைவிரிப்புக்கு உரிய மிச்சப் பணத்தை எல்லோரும் பகிர்ந்து கொடுக்கலாமென்றேன். ரீச்சர் மறுத்துவிட்டா. பதிலாக, பின்னல் படிக்க வரும் இளம் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கித் தரும்படி கேட்டா. அது நல்ல ஏற்பாடாக நடந்தது.

2002 இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. ரீச்சர் ஊருக்குப் புறப்பட்டா. வீடு நிற்கிறதோ இல்லையோ, போய்ப் பார்க்கவேண்டும் என்றா. புறப்படுமுன் நீலச் சுவெற்றரை என்னிடம் தந்தா, ஊசியோடு. கழுத்தும் ஒரு கையும்தான் மிச்சம். "முடிக்காதை பிள்ளை. ஊசியையும் உருவாதை" என்றா. குறோசே என்றால் கொளுக்கியை எடுத்தாலும் ஒரு கண்ணிதான் திறந்து நிற்கும். இது அப்படியல்ல. ஊசியில் இருக்கும் அத்தனை கண்ணியும் திறந்தவை. உருவினால் ஒவ்வொன்றாக ஏணிப்படி இறங்கிவிடும்.

மாமி பிறகு ரொறன்ரோவுக்குப் போய்விட்டா. அந்த முதற் சட்டை, நாலு கண்ணி கூட்டியும், பேரனுக்கு ஒரு குளிர்காலம்தான் கண்டதாம். நீலச் சுவெற்றர் என் அலுமாரியில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தரம் வெயிலில் காட்டி, பூச்சியுருண்டை மாற்றி வைக்கிறேன். கடற்காற்றில் உருக்கு ஊசி துருப்பிடிக்கத் தொடங்கியபோது பயந்துபோனேன். துரு நூலில் ஏறினால் நூல் இற்றுவிடும். கொட்டாஞ்சேனை அக்காவைக் கூப்பிட்டேன். முழங்கால் வருத்தத்தோடு மூன்று மாடி ஏறி வந்தா. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலோரம் இருந்து, மூங்கில் ஊசியொன்றுக்கு ஒவ்வொரு கண்ணியாக மாற்றினா. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை.